புண்ணியம் தாயே

அருணகிரி காலையில் நடக்கக் கிளம்பினால், தெய்வநாயகியும் கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே கிளம்பிவிடுவாள். அவருக்குத் தெரியாது. காலமெல்லாம் போர்வெல் போடும் ரிக் வண்டிக் கம்ப்ரசர் பக்கத்தில் நின்று, காதை அதற்கே எழுதிக்கொடுத்துவிட்டு வந்த மனுஷர். பின்னால் திருச்செங்கோட்டு பஸ்ஸே வந்தாலும் டிரைவர் இறங்கி வந்து தோளைத் தட்டினால்தான் ஒதுங்குவார். பெண்டாட்டியின் செருப்புச் சத்தம் எங்கே கேட்கப்போகிறது?

அவருக்கு நெஞ்சில் அடைப்பு. திங்கட்கிழமை ஆபரேஷன். அதுவரை பயம் தணியட்டும் என்று ஆஸ்பத்திரியில் ரஞ்சிதா என்கிற நர்ஸ் ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தாள். தனியாக, மெதுவாக நடக்க வேண்டும். கண்ணில் படுவதை நின்று பார்த்து, மனசுக்குள் நன்றி சொல்ல வேண்டும். டாக்டரோ, "தனியா விடாதீங்க" என்றிருந்தார். அதைத் தெய்வநாயகி எடுத்துச் சொன்னபோது, "நானென்ன கைக்கொழந்தையா?" என்று எகிறினார். அதோடு அவள் வாயைக் கட்டிக்கொண்டாள். காலைக் கட்டவில்லை.

மனசுக்குள் சொல்லச் சொன்னதை அவர் வாய்விட்டே சொன்னார். காது மந்தமானவருக்குத் தன் குரலின் அளவு தெரியுமா? ஏரிக்கரை முழுக்கக் கேட்டது.

"நல்லா நெழல் குடுத்தே சாமி, புண்ணியம்" என்று வேப்பமரத்துக்குச் சொன்னார். குச்சிக்கிழங்குக் காட்டுக்குச் சொன்னார். பால் சொசைட்டி வாசலில் சுருண்டு கிடக்கும் நாய்க்குக்கூடச் சொன்னார். நெஞ்சு வலித்த அன்று அவரைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தவன் மணிமாறன். அவன் வீட்டுக்கு நேராக நின்று கும்பிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தெய்வநாயகி தன் பேருக்குக் காத்திருந்தாள். வருடத்தில் பாதிக்குமேல் அவர் வடக்கே எங்கேயோ பூமியைத் துளைத்துக்கொண்டிருக்க, மாட்டையும் காட்டையும் மகளையும் ஒற்றை ஆளாகக் கட்டிக் காத்தவள் அவள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இத்தனை வருடம் உப்புப் போட்டவள் பின்னால் வர, முன்னால் போகிறவர் நாய்க்கு நன்றி சொல்கிறார். அவளுக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு வரப்பு வழியாகக் குறுக்கே ஓடி, அவருக்கு முன்னால் வீடு சேர்ந்து, காப்பியை ஆற்றாமலே வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஏரிப் பக்கம் திரும்பவில்லை. நேராகத் தங்கள் காட்டுக்குப் போனார். கல்யாணமான புதிதில் அவரே ஓட்டிய போர்வெல் அங்கே இருந்தது. அதன் பக்கத்தில் மெல்லக் குந்தி, மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"புண்ணியம் தாயே."

தெய்வநாயகி வரப்பிலேயே நின்றுவிட்டாள். இந்தப் போரில் தண்ணீர் பீய்ச்சியடித்த அன்று, சந்தோஷம் தாங்காமல், "பூமித்தாய்க்கு ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள் அவள். அவர் பதறிப்போனார். "வேல நடக்கறப்பச் சொல்லக்கூடாது புள்ள. தொளைக்கற ராடையெல்லாம் வண்டில ஏத்திக் கட்டிப்போட்டு, வண்டி கெளம்பறப்பத்தான் சொல்லோணும். சொல்லிட்டா அந்த எடத்துல நம்ம சோலி முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

இந்த மனுஷர் இத்தனை நாளும் நன்றி சொல்லவில்லை. விடைபெற்றுக்கொண்டிருந்திருக்கிறார். மரத்திடம், நாயிடம், மணிமாறனிடம் எல்லாம். அவளிடம் மட்டும் விடைபெற மனசு வரவில்லை. அதற்குப் போய்க் கோபித்துக்கொண்டோமே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

அருணகிரி எழுந்தார். வீடு இருக்கும் திசையைப் பார்த்துக் கைகூப்பினார்.

"நாயகி... உனக்குத்தான் இன்னும்..."

அவள் ஓடினாள். சேலை தடுக்க, செருப்பு ஒன்று வரப்பிலேயே தங்கிவிட, ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தினாள்.

"எனக்குச் சொல்லாதீங்க! ஒண்ணுஞ் சொல்லாதீங்க!"

அவர் மிரண்டுபோய்ப் பார்த்தார். "நீ எங்க புள்ள இங்க?"

"தெனமுந்தான் பின்னாடி வாரேன்" என்றாள், அவர் காதோரமாக.

"அப்ப எல்லாத்தையுங் கேட்டயா?"

"ஊரே கேட்டுதுங்க."

சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "பயமா இருக்குது நாயகி" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயில் அவள் கேட்டதே இல்லை.

"எனக்குந்தானுங்க" என்றாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் முகத்தைத் துடைத்தாள், பிறகு தன் முகத்தையும். வீடுவரை அவர் கையை விடாமல் பக்கத்திலேயே நடந்தாள். வழியில் யாரோ பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

திங்கட்கிழமை ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு முன்னால் ஸ்ட்ரெச்சரைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார் அருணகிரி. ரஞ்சிதா நிறுத்தினாள். அவர் தெய்வநாயகியை வெகுநேரம் பார்த்தார். கைகள் தாமாகக் கூப்பப்போயின. அவள் தலையை ஆட்டி, வேண்டாம் என்றாள்.

கைகள் இறங்கின.

"வாரேன் புள்ள" என்றார், அந்த வராண்டா முழுக்கக் கேட்கும்படி.

"வாங்க" என்றாள் தெய்வநாயகி, அவருக்குக் கேட்கும்படி இன்னும் உரக்க.