வலி அக்காவுக்கு, கேள்வி தம்பிக்கு

பேருந்து ஓட்டிக் களைத்து வீடு திரும்பிய தம்பி, செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்த அக்காவைக் கைத்தாங்கலாக மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றான்.

அங்கிருந்த இளம் டாக்டரைக் குறை சொல்வதற்கில்லை. வலி எங்கே, எப்போது தொடங்கியது என்று அக்காவிடமே பொறுமையாக விசாரித்தார். தினமும் ஏதேனும் மாத்திரை உண்டா என்று கேட்டபோது, தம்பி முந்திக்கொண்டு மனநல மாத்திரையின் பெயரைச் சொல்லிவிட்டான். அவ்வளவுதான். டாக்டரின் கண்கள் அக்காவின் முகத்தை விட்டிறங்கி, அவன் முகத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன.

"சரியா தூங்குறாங்களா? வீட்டுல ஏதாவது சண்டையா?"

"வலி எனக்கு, கேள்வி அவனுக்கா டாக்டர்?" என்றாள் அக்கா.

டாக்டர் சிரித்தார். வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், மனப்பதற்றம்தான் என்று தூக்கத்துக்கு ஓர் ஊசி போட்டு அனுப்பிவைத்தார். இருக்கலாம் என்று தம்பியும் நம்பினான்.

விடிந்தபோது அக்காவுக்குக் காய்ச்சல் கொதித்தது. வேறொரு மருத்துவமனைக்குப் போனார்கள். வாசலிலேயே அக்கா தன் மாத்திரை அட்டையை எடுத்து அவனுடைய சட்டைப்பைக்குள் திணித்தாள்.

"இதைப் பத்தி வாயத் தொறந்தே, அப்புறம் நீ என் தம்பியே இல்ல."

"கேட்டா என்னக்கா சொல்றது?"

"சொல்லாதே. நீ ஊமைன்னு நான் சொல்லிக்கிறேன்."

இம்முறை வயிற்றை அழுத்திப் பார்த்தார்கள், அக்கா அலறினாள். ஸ்கேனில் குடல்வால் வீங்கி, வெடிக்கும் நிலையில் இருப்பது தெரிந்தது. உடனே அறுவை சிகிச்சை என்றார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்தார்.

"வழக்கமா ஏதாவது மாத்திரை சாப்பிடுறாங்களா? மறைக்காதீங்க. மயக்க மருந்தோட ஒத்துக்காம போச்சுன்னா ஆபத்து."

அக்கா அவனை முறைத்தாள். சொன்னால், நேற்றைப் போலவே கைகழுவி விடுவார்களோ? சொல்லாவிட்டால், உயிரோடு விளையாடுவதாகும். அவன் அட்டையை எடுத்து நீட்டினான். அக்கா கண்களை மூடிக்கொண்டாள்.

அட்டையைப் படித்த டாக்டரம்மா, நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"வலியைக் கொஞ்சம் கூட்டிச் சொல்ற பழக்கம் உண்டா இவங்களுக்கு?"

வாதாட அவனிடம் தெம்பில்லை. மெல்ல நடந்து, கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டான். அவனைப் பார்க்க வேண்டுமானால், அக்காவின் முகத்தைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும்.

"அவங்களையே கேளுங்க டாக்டர். வயிறு அவங்களோடது."

டாக்டரம்மா சற்றுத் தயங்கினார். பிறகு குனிந்தார்.

"சொல்லுங்கம்மா."

அக்கா கண்களைத் திறந்தாள்.

"நேத்து ஒருத்தர் சிரிச்சிட்டாரு டாக்டர். அதனால இன்னிக்குக் கொறச்சுத்தான் கத்தினேன்."