ஞாயிறு மூன்றிலிருந்து ஐந்து வரை

கதவைத் தட்டிய பிறகுதான் மெக்கானிக்குக் கை கூசியது. அந்த அறைக்குள் யாரும் இல்லை. இருக்க வேண்டியவள் கூடத்தில், இரண்டு நாற்காலி வரிசைகளுக்கு நடுவே, கழுத்துவரை போர்த்திக் கிடந்தாள்.

"என்னண்ணே, தட்டிட்டு நிக்கற? யாரு வந்து திறக்கணும்?" என்றாள் பின்னால் வந்த தங்கை. சொன்னதும் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு குரலை இறக்கி, "சுடுகாட்டுல அண்ணியோட அடையாள அட்டை வேணுமாம். பத்தரைக்கு வண்டி வந்துரும். சீக்கிரம் எடு" என்றாள்.

"எடுக்கறேன், போ."

வீட்டிலேயே சின்ன அறை அது. முன்பு மூட்டை முடிச்சு போட்டுவைத்த இடம். ஒரு மேசை, ஒரு நாற்காலி, காற்றுக்கு ஒரு ஜன்னல். வாரத்தில் ஆறு நாள் குடிநீர் அலுவலகத்தில் உட்கார்ந்து ஊரார் குழாய்ப் புகார்களை எழுதிக்கொண்டவள், ஞாயிறு மூன்றிலிருந்து ஐந்து வரை இங்கே நாவல் எழுதினாள். பதினெட்டு வருஷத்தில் மூன்று நாவல். நாலாவது பாதியில் நின்றது.

அந்த இரண்டு மணி நேரம் லேசில் கிடைத்துவிடவில்லை. ஆரம்பத்தில் கதவு நிமிஷத்துக்கு ஒருமுறை திறந்தது. உப்பு எங்கே, சாக்ஸ் எங்கே, வயிறு வலிக்குது, பக்கத்து வீட்டு அக்கா கூப்பிடறாங்க. ஒருநாள் அவள் எதுவும் பேசாமல் எழுந்து வந்து, சுவரைப் பார்த்து நின்றுகொண்டு வெங்காயம் நறுக்கினாள். அன்றைய சமையல் எப்போதோ முடிந்திருந்தது. அடுத்த ஞாயிறு மெக்கானிக் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். பணிமனையில் பஸ்ஸுக்கு அடியில் படுத்து வேலை பார்க்கிற மனுஷன். வாசல் காவலையும் அதே கவனத்தோடு பார்த்தார். யார் வந்தாலும், "மேடம் டியூட்டில இருக்காங்க, அஞ்சு மணிக்கு வாங்க" என்பார். "வீடு தீப்பிடிச்சாலுமா?" என்று தங்கை நக்கலடித்தபோது, "அஞ்சு வரைக்கும் நானே அணைச்சிக்கறேன்" என்றார். உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

நேற்று மூன்று மணிக்கு மேல் மகள் வந்தாள். வெளியூரில் தபால் நிலையக் கவுண்டரில் வேலை. வீட்டோடு வந்து இருக்க வேண்டும் என்று, இரண்டு வருஷமாக மாற்றல் கேட்டு நடையாய் நடந்தவள். ஃபோனில் சொல்ல மனமில்லாமல் ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தாள்.

"கிடைச்சிருச்சுப்பா!" என்று வாசலிலேயே கத்தினாள். "ஒரே நிமிஷம், அம்மாகிட்ட சொல்லிட்டு வந்துடறேன்."

"அஞ்சு மணிக்குச் சொல்லு. மாற்றல் என்ன ஓடியா போயிடும்? உக்காரு, டீ போடறேன்."

பாதி டீ குடித்திருப்பாள். உள்ளே தொப்பென்று ஒரு சத்தம்.

"என்னப்பா அது? தட்டிப் பாக்கட்டுமா?"

"புத்தகம் ஏதாவது விழுந்திருக்கும். இப்பத் தட்டினா இந்த வாரமே போச்சுன்னு உங்கம்மா புலம்புவா. உக்காரும்மா."

உட்கார்ந்தாள். ஐந்து மணிக்கு அவளே போய்க் கதவைத் திறந்தாள். அம்மாவின் தலை மேசைமேல் சாய்ந்திருந்தது, கண் அசந்தவளைப் போல. தரையில் புத்தகம் எதுவும் கிடக்கவில்லை.

"இதயம்தான். எப்ப நின்னுச்சுன்னு கரெக்டா சொல்ல முடியாது" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு மகள் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அழுதாள், வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள், அவருக்கும் ஒரு தம்ளர் தண்ணீரை முகம் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனாள். விழுந்தது புத்தகமா, மனைவியின் தலையா? அந்தக் கேள்வியைத் தாண்டி அவருக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

அட்டை மேசை டிராயரில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டவர், நேற்று அவளைத் தூக்கும்போது கலைந்துபோன தாள்களை அடுக்கினார். அச்சில் வராத எதையும் அவர் படித்ததில்லை. அவள் படிக்க விட்டதும் இல்லை. ஆனால் தாள்களின் ஓரத்தில் பென்சிலால் பொடிப்பொடியாக எழுதியிருந்தது நாவல் இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. எழுத்து எங்கே தடைப்பட்டதோ, அங்கே மணியும் காரணமும். '4.20 குக்கர் விசில்.' '3.50 இவர் தும்மல், ஏழு.' நேற்றைய தாளைத் தேடினார்.

'3.15 மகள் வந்திருக்கிறாள். கிடைத்துவிட்டதாம்! ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும். இந்தப் பத்தி முடியட்டும்.'

கொஞ்சம் கீழே: '3.45 அகராதி காலில் விழுந்தது. வெளியே பேச்சு நின்றது. உட்காரச் சொல்கிறார். எடுத்து வைத்துவிட்டேன்.'

அதன் பிறகும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள்.

மெக்கானிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். இதைக் காட்டினால் தன்மேல் இருக்கிற பழி இறங்கிவிடும். ஆனால் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தும் எழுந்து வரவில்லை என்பதை அந்தப் பெண் எப்படித் தாங்கும்? தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அட்டை கிடைச்சுதா?" மகள் கதவருகே நின்றாள். நேற்றிலிருந்து அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

நீட்டினார். வாங்கிக்கொண்டும் அவள் போகவில்லை.

"உங்களச் சொல்லிக் குத்தமில்லப்பா. காப்பாத்தியிருப்போமோ என்னமோ, அத விடுங்க." உதட்டைக் கடித்தாள். "மாற்றல் கிடைச்சது அம்மாவுக்குத் தெரியாமலே போயிடுச்சு. அதுதான் ஆற மாட்டேங்குது."

மெக்கானிக் பையில் கைவிட்டார். கொஞ்ச நேரம் கை பையிலேயே இருந்தது. பிறகு தாளை எடுத்துக் கொடுத்தார்.

அவள் படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கேட்டிருக்கு," என்றாள்.

"நீ போட்ட சத்தத்துக்குத் தெருவுக்கே கேட்டிருக்கும்."

"பத்தி முடியட்டும்னு உக்காந்திருக்கா."

"ம்."

"முடிச்சிருக்காப்பா." விரல் தாளில் கீழே நகர்ந்தது. "முடிச்சிட்டு… எழுந்து வராம அடுத்ததையும் ஆரம்பிச்சிருக்கா. கள்ளி!"

அவள் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று அவருக்குப் பிடிபடவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

"அண்ணே! வண்டி வந்தாச்சு!" தங்கை கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"வரோம் அத்தை," என்றாள் மகள். சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்த பக்கத்தை எடுத்தாள்.

ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றிருந்தார் மெக்கானிக். அவர் நிழல் தாளின்மேல் விழுந்திருந்தது. ஓர் அடி தள்ளி நின்றார்.