சிசியில் இல்லாதவர்

1

"உன்னைக் கேட்டா, இதுல யார் யாரைச் சேர்ப்பே?" என்று ஒரு மின்னஞ்சலைக் காட்டி அக்கா ஒருமுறை என்னைக் கேட்டாள். நான் சொல்லாமல் விட்ட பதில்தான் இப்போது கதையாகிக்கொண்டிருக்கிறது.

முதல் வரி: மருந்து ஏற்றும் பம்பில் ஒரு பிழை இருந்தது. (அறிக்கை மாதிரி இருக்கிறது.)

இன்னொன்று: அக்காவின் கை நடுங்கியது, ஏனென்றால்

(நடுங்கவே இல்லை. வரியை அடித்துவிட்டேன்.)

2

அக்காவின் கம்பெனி, ஆஸ்பத்திரிகளில் நரம்பு வழியாக மருந்து ஏற்றும் பம்புக்கு மென்பொருள் எழுதுகிறது. பேட்டரியை மாற்றும்போதெல்லாம் பம்ப் தன் வேகத்தை மறந்து, மருந்தை இரு மடங்காக விட்டது. அக்கா அதைக் கண்டுபிடித்து, பேட்ச் எழுதினாள். பேட்ச் என்றால் கிழிந்த இடத்தில் போடும் ஒட்டு; மின்னஞ்சலில் அனுப்புவார்கள். நிரலில் அந்த இடத்தை முன்பு தொட்டவர்களுக்கெல்லாம் நகல் போக வேண்டும். அதுதான் சிசி.

கடைசியாகத் தொட்டவர்... (இவரைக் கதையில் சேர்க்க எனக்கு விருப்பமில்லை. அக்காவின் மாமியாரை ஏற்கெனவே எடுத்துவிட்டேன். இவரையும் எடுத்துவிட்டால் நிம்மதி.)

3

எடுக்க முடியவில்லை. அவர் அத்தான். அதே கம்பெனி, அதே குழு, வீட்டில் அடுத்த அறை.

"குழுத் தலைவருக்கு மட்டும் அனுப்புறேன்," என்றாள் அக்கா. "இவர்கிட்ட அப்புறம் பக்குவமா சொல்லிக்கிறேன்."

"சொல்லிட்டே அனுப்பேன்க்கா."

"சொன்னா, 'இரு, நானே பாத்துக்கறேன்'னு இழுத்தடிப்பாரு. அதுக்குள்ள எங்க யாரு பேட்டரி மாத்துறாங்களோ. நீ போய்க் கதவைச் சாத்து."

சிசியில் அத்தானின் முகவரியை அழித்தாள். அதே அஞ்சலில் தலைவருக்கு ஒரு குறிப்பும் சேர்த்தாள்: 'அவருக்கு இப்போது தெரிய வேண்டாம். தெரிந்தால் மறைக்கப் பார்ப்பார்.' அனுப்பிவிட்டாள்.

4

இங்கே அழகான முடிவு ஒன்று வைத்திருந்தேன். தேநீர் ஆறுவதற்குள் அக்கா எல்லாவற்றையும் சொல்கிறாள். அத்தான் தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறார், பிறகு இருவரும்

அடுத்த அறையில் போன் 'டிங்' என்றது.

அக்கா பேட்சின் அடிப்பகுதியைத் திறந்து பார்த்தாள். அஞ்சலை அனுப்பும் நிரல் சிசியை மட்டும் பார்ப்பதில்லை. பேட்சின் அடியில் எழுதப்பட்ட முகவரிகளையும் தானாகச் சேர்த்துக்கொள்ளும். 'பிழை இன்னாருடைய மாற்றத்தால் வந்தது' என்ற வரியைக் கைப்பழக்கத்தில் அவளே எழுதியிருந்தாள், அத்தானின் முகவரியோடு.

மேலே அழிக்கப்பட்டவர் கீழ் வழியாக உள்ளே வந்துவிட்டார். (என் கதைக்குள்ளும் அப்படித்தான்.)

"அய்யோ, அந்தக் குறிப்பு," என்றாள்.

5

கொஞ்ச நேரத்தில் அக்காவின் கணினியும் 'டிங்' என்றது. அத்தானின் பதில்: 'பிழை என்னுடையது. பேட்சைச் சோதித்தேன், சரியாக இருக்கிறது. இன்றே எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்புங்கள்.'

சிசியில் குழு மொத்தமும் இருந்தது.

பதிலுக்குக் கீழே அக்காவின் அஞ்சலும் அப்படியே இருந்தது, 'மறைக்கப் பார்ப்பார்' வரை. அதை அழிக்க மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன், இரண்டையும் நம்ப முடிகிறது. அதை உங்களிடம் விட்டுவிடுகிறேன்.

அடுத்த அறையின் கதவு திறந்தது.

"என்னங்க, நான்..." என்றாள் அக்கா.

அத்தான் எங்களைத் தாண்டி நடந்தார். செருப்பை மாட்டிக்கொண்டார். வெளியே போய்விட்டார்.