முக்பிலின் வெறும் இடுப்பு

சனா நகரத்து ஜம்பியாக் கடைத்தெருவில், அடுத்தவர் இடுப்பில் செருகிய அந்த வளைகத்தியைக் குறை சொல்ல முக்பிலை மிஞ்ச ஆளில்லை. தெருக்கோடியிலேயே பார்த்துவிட்டு, "மாட்டுக்கொம்புப் பிடி, மாப்பிள்ளை வேஷத்துக்கு வாங்கினது" என்பார். அப்பேர்ப்பட்ட கத்தி வேலைக்காரர் கைதான் போன வருஷம் சறுக்கியது.

மூணு தலைமுறை இடுப்பிலிருந்து பழுத்த காண்டாமிருகக் கொம்புப் பிடி. அலகு ஆடுகிறது என்று ஹிஸாம் கொண்டுவந்தார். உள்ளே அலகைப் பிடித்திருக்கும் அரக்கு இளகக் கொஞ்சம் அனல் காட்டினால் போதும். முக்பிலோ கன்னத்தில் போதை தரும் காத் இலையை அடக்கிக்கொண்டு, பக்கத்துக் கடைக்காரனின் மச்சினி கல்யாணம் நின்ற கதையில் லயித்திருந்தார். கதை முடிவதற்குள் கொம்பு விரிசல் விட்டுவிட்டது. கொம்புத்தூளைப் பசையில் குழைத்து அடைத்து, மெருகேற்றி, வாய் திறக்காமல் கொடுத்துவிட்டார். மகிழ்ந்துபோன ஹிஸாம் வெள்ளிக்கிழமைதோறும் சாப்பிடக் கூப்பிட்டார். முக்பிலும் போனார். கொதிக்கும் சல்தாக் குழம்பில் ரொட்டியைத் தோய்க்கையில் கண் மட்டும் ஹிஸாமின் இடுப்புக்குப் போய்ப் போய் வரும்.

இப்போது ஹிஸாமுக்கு ஒரு கிணற்றுத் தகராறு. தீர்ப்புக்குக் கட்டுப்படுவோம் என்பதற்கு ஈடாக இரு தரப்பும் ஜம்பியாவைக் கழற்றி மத்தியஸ்தரிடம் கொடுத்தாயிற்று. "ஹிஸாம் கொடுத்தது போலி, அவன் வாக்கும் போலி" என்று எதிர்த்தரப்பு கிளப்பிவிட, மத்தியஸ்தர் ஷேக் துர்ஹம் கத்தியோடு முக்பில் கடைக்கே வந்தார். பின்னால் ஹிஸாமும் பாதித் தெருவும்.

"பாத்துச் சொல்லுங்க உஸ்தா. நீங்க சொன்னா சரி."

ஹிஸாம் சிரித்தார். "நல்லாப் பாருங்கண்ணே. இவனுங்க வாயை அடைங்க."

முக்பில் பிடியை வெயிலில் தூக்கினார். கொம்புக்குள் வெளிச்சம் தேனாக இறங்கியது; குறுக்கே ஒரு கறுப்புக் கோடு.

"அதோ ஒட்டு!" என்று எவனோ கத்தினான்.

ஹிஸாமின் முகம் சுண்டிப்போயிற்று. "அப்ப எங்க தாத்தாதான் ஏமாந்துட்டாரா?"

பழி தாத்தா தலையில் விழுந்ததைத்தான் முக்பிலால் தாங்க முடியவில்லை. "கொம்பு அசல். உடைச்சது நான், மறைச்சதும் நான்" என்று தன் ஜம்பியாவை வாரோடு அவிழ்த்து ஹிஸாமின் காலடியில் வைத்தார். தப்பை ஒப்புக்கொண்டவன் வைப்பது அது.

ஹிஸாம் அதைத் தொடவில்லை. "கொம்புன்னா உடையும்ணே. இத்தனை வெள்ளிக்கிழமை என் தட்டுல கைவெச்சீங்களே, ஒரு நாள் சொல்லக்கூடாதா?"

இரண்டு கத்திகளையும் ஷேக் எடுத்துக்கொண்டார். முக்பில் வெறும் இடுப்போடு வீட்டுக்கு நடந்தார். இதுவரை அவர் எடைபோட்ட இடுப்புக்காரர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஹிஸாம் வாசலில் நின்று எப்போதும்போல் கூப்பிட்டார்: "என்னண்ணே, சல்தா ஆறுது!"

போகாமல் இருக்க முடியுமா? போனார். தகராறு தீர்ந்து ஷேக்கிடமிருந்து திரும்பி வந்த ஹிஸாமின் பழைய ஜம்பியா அவர் இடுப்பில் இருந்தது. அடைப்பைச் சுரண்டி எடுத்திருந்தார்; விரிசல் வாயைப் பிளந்து தெரிந்தது.

"சாப்பிடுங்க" என்றார் ஹிஸாம். முக்பில் ரொட்டியைத் தோய்த்து, தோய்த்ததைத் தட்டிலேயே வைத்தார்.