சலவைக்கடையின் ஒரே நாற்காலி

சலவைக்கடையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. கடை திறந்த நாளிலிருந்து அண்ணன்தான் அதில் உட்கார்ந்திருந்தான். நாற்காலியும் அவனுக்கேற்ப ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. தங்கைக்கு நின்ற நிலையில் வேலை. படுக்கை விரிப்புகளை உதறி மடிக்க வேண்டும். உதறுகிற வேகத்தில் அடிக்கடி அவள் தோள்மூட்டு நழுவும். சுவரில் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தானே தள்ளி உள்ளே போட்டுக்கொள்வாள்.

"அண்ணே, கொஞ்ச நாளைக்கு நான் கல்லாவுல உக்காந்துக்கறேனே."

"ஆரம்பிச்சிட்டியா உன் நடிப்ப?"

வீட்டில் எல்லாரும் அவன் பக்கம்தான். அந்தக் குடும்பத்தில் கட்டை விரலை வளைத்து முன்கையைத் தொடாதவர் கிடையாது. அப்பா காலைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பார். இப்படி வளைகிற உடம்பில் வலி எங்கிருந்து வரும் என்பது அவர்கள் கேள்வி. தங்கையின் கணவனுக்கு விரல் வளையவில்லை என்று தெரிந்த அன்றைக்குத்தான் அம்மா ஆடிப்போனாள். "சின்ன வயசுல காய்ச்சல் ஏதும் வந்துச்சுங்களா மாப்ளே?" என்று துருவித் துருவிக் கேட்டாள். அன்றிலிருந்து அவனுக்கு 'விறகு' என்று பெயர்.

ஒருநாள் நழுவிய தோள் திரும்பப் போக மறுத்தது. விறகு பதறி அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அண்ணனும் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினான். டாக்டர் முன்னால் அவள் வண்டவாளம் தண்டவாளம் ஏறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

டாக்டரம்மா தோளைச் சரிசெய்து, கையைத் துணியால் கழுத்தோடு சேர்த்துத் தூளி கட்டினார். பிறகு அந்தக் கையை விட்டுவிட்டு, விரல், முழங்கை, முழங்கால் என்று ஒவ்வொன்றாக வளைத்துக் காட்டச் சொன்னார்.

"இதுல என்ன டாக்டர் இருக்கு? எல்லாரும் பண்றதுதானே," என்ற அண்ணன், அவள் செய்வதையெல்லாம் கூடவே செய்து காட்டினான். அவன் விரல் முன்கையைத் தொட்டது. முழங்கால் பின்பக்கமாக வளைந்தது. குனிந்து இரண்டு உள்ளங்கையையும் தரையில் பதித்தபடி தலையை மட்டும் தூக்கிப் பார்த்தான். விறகும் சும்மா இருக்கவில்லை. பாதி குனிந்ததோடு சிக்கிக்கொண்டு முனகினான்.

"இவர் ஒருத்தர்தான் இங்க நார்மல்," என்றார் டாக்டரம்மா. விறகுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எலும்ப எலும்போட சேர்த்துப் புடிக்கிற இணைப்புத் திசு உங்க ரெண்டு பேருக்கும் பிறவியிலயே தளர்வு. எலாஸ்டிக் தளர்ந்த பைஜாமா நழுவுற மாதிரி மூட்டு நழுவும், வலிக்கும். பரம்பரையா வர்றதுதான்."

அண்ணன் மெதுவாக நிமிர்ந்தான். "அப்போ என் முதுகுவலி?"

"அதுவும் இதனாலதான். தசைக்கு பலம் ஏத்தணும். உக்காந்தே கிடக்காதீங்க. எழுந்து நடமாடுங்க, பயிற்சி பண்ணுங்க. தங்கச்சிக்குத் தோள் ஆறுற வரைக்கும் உக்காந்து பாக்குற வேலைதான்."

வெளியே வந்ததும் அண்ணன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, தனக்குத் திசுவிலேயே கோளாறு என்று கம்மிய குரலில் சொன்னான். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் அவள் வலி நடிப்பு. அவனுக்கு வந்ததும் அதே வலி வியாதி.

மறுநாள் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அண்ணன் நின்றுகொண்டு கைத்துண்டுகளை மடித்தான். நாலு துண்டுகூட ஆகவில்லை.

"அம்மாடி, வலிக்குதே."

'நடிக்காத' என்று சொல்ல இரவெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். ஆனால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அவனைப் பார்த்ததும் வாயில் வந்தது வேறு.

"எங்கண்ணே வலிக்குது?"

அவளிடம் இதை ஒருத்தரும் கேட்டதில்லை. அண்ணன் கழுத்திலிருந்து சொல்லத் தொடங்கினான். கடை சாத்துகிற நேரத்தில் இடுப்புக்கு வந்திருந்தான்.