அடிப்பக்கம்

"அக்கா, கீழ யாரு குனிஞ்சு பாக்கப் போறா? அடிப்பக்கத்த வெட்டி விடுங்க" என்று மேனேஜர் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் தலையாட்டினேன். வெட்டவில்லை.

டேப்லெட்டை வெறுந்தரைக்கு நேராகப் பிடித்தால் எங்கள் கம்ப்ரசர் அங்கே நிற்பதுபோல் திரையில் தெரிய வேண்டும். அதுதான் என் வேலை. தொழிற்சாலை அனுப்பும் கம்ப்யூட்டர் வரைபடமான 'கேட்' (CAD) மாடலில் ஒவ்வொரு போல்ட்டின் மரையும் இருக்கும். அப்படியே போட்டால் டேப்லெட் திணறி நின்றுவிடும். மரைகளை வழித்தெடுத்துவிட்டு, மரையின் படத்தை மொழுமொழு உருளைமேல் ஒட்டினேன். வெளியே தெரியாத உள்பாகங்களை ஈவு இரக்கமில்லாமல் தூக்கினேன். அடிப்பக்கத்தில் மட்டும் கை வரவில்லை. எண்ணெய் வடிக்கும் போல்ட் அங்கேதான் இருக்கிறது. எங்கள் ஷெட் தரையில் நிஜ மெஷினுக்கு அடியில் படுத்து, அதைச் சுற்றியிருக்கும் இரும்பின் சொரசொரப்பைப் படமெடுத்து வந்தவள் நான். வெட்டு என்றால் கோபம் வராதா? ஆனால் பயமும் இருந்தது. இன்று வாங்குகிறவர்களிடம் காட்டும்போது திணறினால் அடுத்த மெஷினிலிருந்து வேலை வெளிக் கம்பெனிக்குப் போய்விடும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

மெஷினை வாங்கப்போகும் இடத்தில், அது நிற்கப்போகும் சுவரோரமாக, அங்குள்ள தலைமை மெக்கானிக் டேப்லெட்டை வாங்கிக்கொண்டார். நான் இழைத்து இழைத்துச் செய்த முன்பக்கத்தை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, டேப்லெட்டை முகத்துக்கு மேலே பிடித்தபடி அப்படியே மல்லாந்து படுத்துவிட்டார்.

மேனேஜர் முகம் வெளிறிவிட்டது. "அக்கா, கீழ ஒண்ணும் இல்லியே" என்று காதில் முனகினார்.

"இருக்கு, சும்மா இருங்க."

திரை ஒரு நொடி உறைந்தது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"எண்ணெ வடிக்கிற ட்ரெயின் போல்ட்டு சுவத்துப் பக்கமா இருக்கு" என்றார் தரையிலிருந்து. "ஸ்பேனர் திருப்ப எடம் பத்தாது. மெஷின ஒரு சாண் முன்னால வைக்கணும். யாரு செஞ்சது இது?"

மேனேஜர் வாய் திறப்பதற்குள், "நான்தாங்க" என்றேன். குரல் கொஞ்சம் உரக்கத்தான் வந்தது. பெருமையாக இருந்தது, சொல்வதற்கென்ன.

"போல்ட்டக்கூட விடல போல."

"விட மனசு வரலீங்க."

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், இடுப்பில் செருகியிருந்த எண்ணெய்த் துணியை உருவி, அந்த போல்ட்டுக்கு நேர் கீழே, ஒன்றுமில்லாத தரையில் விரித்தார்.