குளத்தில் நடந்தவர்

லிஃப்ட் மெக்கானிக் அந்தக் குளத்தில் நீந்தியதே இல்லை. நடந்தார்.

மார்பளவுத் தண்ணீரில் முன்னால் சாய்ந்து, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, கைகளை மாற்றி மாற்றி வீசுவார். தலையைப் பக்கவாட்டில் திருப்பி மூச்சு வாங்குவார். எல்லாம் சொல்லிக்கொடுத்தபடிதான். கால்கள் மட்டும் தரையை விடவில்லை. கால் கட்டைவிரல் நுனியால் தரையை உந்தி உந்தி முன்னேறுவார். குறுக்கே கட்டிய நீலக் கயிறு வரை போவார். கயிற்றுக்கு அப்பால் ஆழம். அங்கேயே திரும்பிவிடுவார்.

தண்ணீர் கலங்கலாக இருந்தது. இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது.

அந்த ஜிம் முன்பு மரச்சாமான் கிடங்காக இருந்த கட்டடம். முன்னால் இரும்புத் தட்டுகளும் ஓடும் மிஷினும். பின்னால் தகரக் கூரைக்குக் கீழே நீச்சல் குளம். துணி வைக்கும் பெட்டகங்களில் பாதிக்குப் பூட்டு இல்லை. வெந்நீர் முதலில் வருகிறவர்களுக்கு மட்டும். யாராவது குறை சொல்ல வாய் திறந்தால் முதலாளி, அவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள், "இந்தக் காசுக்கு" என்று ஆரம்பிப்பார். மற்றவர்கள் சேர்ந்து "இது போதும்!" என்று முடிப்பார்கள். அது அங்கே வணக்கம் சொல்வது மாதிரி ஆகிவிட்டது.

மெக்கானிக் சேர்ந்ததற்குக் காரணம் மைத்துனன். குடும்பத்தோடு ஏரிக்குப் போயிருந்தார்கள். எல்லோரும் தண்ணீரில் இறங்கினார்கள். இவர் கரையில் உட்கார்ந்திருந்தார். "அத்தான் காவலுக்கு இருக்காரு, செருப்புக்குப் பயமில்ல" என்று மைத்துனன் தண்ணீரிலிருந்து கத்தினான். சின்னப் பிள்ளைகள் வரை சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை. அதுதான் உறுத்தியது.

ஒரு கல்லூரி மாணவன் காலையில் நீச்சல் சொல்லிக்கொடுத்தான். கை வந்தது. மூச்சு வந்தது. கால் மட்டும் எழும்பவில்லை. தரை விலகுகிறது என்று தெரிந்ததும் காலை ஊன்றிவிடுவார். லிஃப்டின் மேல்கூரையில் ஏறி நின்று வேலை பார்க்கிறவர். அங்கே காலுக்குக் கீழே இரும்பு உண்டு.

கடைசி வகுப்பன்று மனைவி பார்க்க வந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். அவர் கயிறு வரை நடந்து திரும்பினார். நிமிர்ந்து பார்த்தபோது அவள் கைதட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்கவில்லை. உள்ளங்கைகள் சேர்ந்து பிரிவது தெரிந்தது.

அன்றிலிருந்து அவருடைய நீச்சல் உடையைத் தெருவைப் பார்த்த பால்கனிக் கொடியில்தான் காயப்போட்டாள். பின்பக்கம் இடம் இருந்தும்.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் உறுப்பினர்களைக் கூட்டினார். இந்த வருடம் ஒன்றுதான் செய்ய முடியும். புது ஓடும் மிஷின், இல்லையென்றால் குளத்துக்குப் புது ஃபில்டர். எது வேண்டும்?

"ஃபில்டர்" என்றார் கணக்கு வாத்தியார். "கண்ணாடி போட்டுட்டு முங்கினாலும் என் கை எனக்கே தெரியல மாஸ்டர்."

"போன வாரம் யாரோட காலையோ பிடிச்சிட்டேன்" என்றார் தபால்காரர். "யாருன்னு தெரியல. வெளிய வந்து எல்லார்கிட்டயும் பொதுவா மன்னிப்புக் கேட்டேன்."

"அது நான்தான்" என்றார் வாத்தியார். "என்கிட்ட நீங்க கேட்கவே இல்ல."

தையல்காரம்மா விடவில்லை. "அந்த மிஷினைப் பத்தி யாரும் பேச மாட்டீங்களா? பெல்ட் வழுக்குது. நான் ஓடறேனா, அது ஓடுதான்னு தெரியல."

"ரெண்டு பேரும் ஓடலைங்கறதுதான் நிஜம்" என்றார் தபால்காரர். தையல்காரம்மா துண்டால் அவர் தோளில் அடித்தாள்.

"இந்தக் காசுக்கு" என்றார் மாஸ்டர்.

"இது போதும்!"

சிரிப்பு அடங்கியதும் மாஸ்டர் மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார். "நம்ம சாம்பியன் சொல்லட்டும். ஒண்ணுமே தெரியாம வந்து இதே தண்ணியில கத்துக்கிட்டவரு. மிஷின் விஷயமும் தெரிஞ்சவரு."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

ஃபில்டரை அவர் முன்பே பார்த்திருந்தார். மோட்டார் ஒரு நாள் நின்றபோது மாஸ்டர் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே மணல் கட்டிதட்டிப் போயிருந்தது. தண்ணீர் அதன் வழியே போகவில்லை. ஓரமாக வழிந்து அப்படியே குளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

"தண்ணிக்கு என்ன? மருந்து போட்டா கொஞ்சம் கலங்கத்தான் செய்யும்" என்றார். "ஃபில்டர் இன்னும் ஒரு வருஷம் தாங்கும்."

லிஃப்ட் கயிற்றைப் பற்றி அவர் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

"அவரே சொல்லிட்டாரு" என்றார் வாத்தியார். புது ஓடும் மிஷின் வந்தது.

*

தெருமுனையில் இருந்த மருந்துக்கடையில் ஒரு பெண் வேலை பார்த்தாள். கால் கட்டைவிரல்கள் தேய்ந்து தோல் உரிந்ததும் அவர் அவளிடம்தான் களிம்பு வாங்கினார். மனைவியிடம் ஷூ கடிப்பதாகச் சொன்னார். கடையில் நீச்சலால் என்று சொன்னார்.

"நீச்சல்ல விரல் தேயுமாண்ணா?" என்று அவள் கேட்டாள்.

"தண்ணியிலேயே கிடந்தா தோல் ஊறிடுதும்மா."

"எனக்கும் நீச்சல் கத்துக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. இந்த வயசுக்கு மேல வருமா?"

"எனக்கே வந்துச்சே" என்றார். வாய் தானாகச் சொன்னது.

அவள் அடுத்த மாதம் சேர்ந்தாள். வேகமாகக் கற்றுக்கொண்டாள். அவளுடைய கால்கள் முதல் வாரத்திலேயே தரையை விட்டன. அவர் அதைப் பார்க்காதது போல இருந்தார்.

ஒரு நாள் காலை, சொல்லிக்கொடுக்கிற பையன் வராத நாள், அவள் கயிற்றருகே வந்தாள். சிவப்புத் தொப்பி போட்டிருந்தாள்.

"அண்ணா, இன்னிக்குக் கயித்தைத் தாண்டிப் பார்க்கப் போறேன். நீங்க இங்கயே நில்லுங்க."

"இன்னிக்கு வேண்டாம்மா. அவன் வரட்டும்."

"அவன் என்ன, கைபேசிதான் பார்த்துட்டிருப்பான். நீங்க இருந்தா எனக்குத் தைரியம்."

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். "மெதுவா போம்மா" என்றார்.

அவள் கயிற்றுக்கு அடியில் முங்கி அந்தப் பக்கம் எழுந்தாள். கொஞ்ச தூரம் நன்றாகப் போனாள். பிறகு நின்று திரும்பி அவரைப் பார்க்க முயன்றாள். காலை ஊன்றப் பார்த்தாள். ஊன்ற எதுவும் இல்லை. சிவப்புத் தொப்பி ஒரு முறை மேலே வந்தது. ஒரு கை வந்தது. பிறகு தண்ணீர் மட்டும் இருந்தது.

அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கத்த வேண்டும் என்று தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தோன்றியது. கத்தினால், பக்கத்திலேயே நிற்கும் நீ ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். அதை நினைத்து முடிக்கும் வரை அவர் கத்தவில்லை. பிறகுதான் கத்தினார்.

படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்த தபால்காரர் குதித்தார். முங்கினார். வெறுங்கையோடு எழுந்தார். "எங்க? எங்க?"

"அங்கதான்."

"அங்கன்னா எங்கய்யா? ஒண்ணும் தெரியல!"

மறுபடி முங்கித் துழாவி, அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

அவள் கரையில் கவிழ்ந்து கிடந்து இருமினாள். தையல்காரம்மா முதுகைத் தடவினாள். கூட்டம் சேர்ந்தது. தபால்காரர் மூச்சிரைக்க மெக்கானிக்கைப் பார்த்தார்.

"நீங்க பக்கத்துலயேதானே இருந்தீங்க?"

அவர் அப்போதுதான் படியேறி அவள் தலைமாட்டுக்கு வந்திருந்தார். அதற்குள் அவள் சொன்னாள். "அண்ணா பதறிட்டாரு."

சொல்லும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தலை இன்னும் தரையோடு இருந்தது. கண்ணுக்கு நேரே அவருடைய கால்கள். தேய்ந்த இரண்டு கட்டைவிரல்கள். அவற்றைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கண்களை மூடிக்கொண்டாள்.

"நல்லா நீந்தறவங்களுக்கே அந்த நேரத்துல கை கால் ஓடாது" என்றார் வாத்தியார்.

"இவரு கத்தினதாலதான் பொண்ணு பிழைச்சுது" என்றார் மாஸ்டர். முதுகில் தட்டினார்.

அவர் வீடு போய்ச் சேரும் முன்பே செய்தி போய்விட்டது. வழியில் அது வளர்ந்துமிருந்தது.

"ஒரு பொண்ணைக் காப்பாத்தினீங்களாமே!" என்றாள் மனைவி. வாசலிலேயே நின்று கேட்டாள், எதிர்வீட்டுக்கும் கேட்கும்படி.

"நான் இல்ல. தபால்காரர்."

"ஆமா, எல்லாப் பேரையும் அடுத்தவங்களுக்கே குடுங்க. தம்பிக்குப் போன் பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை வரான். நீங்க நீந்தறதைப் பார்க்கணுமாம்."

*

மறுநாள் மருந்துக்கடைக்குப் போனார். கடையில் வேறு யாரும் இல்லை. அவள் கேட்காமலே களிம்பை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இப்போ எப்படிம்மா இருக்கு?"

"தொண்டை எரியுது."

அவர் களிம்பைத் தொடவில்லை. அவளும் அதை அவர் பக்கம் தள்ளவில்லை.

"நான் யார்கிட்டயும் சொல்லலண்ணா" என்றாள். "சொன்னா உங்களைப் பார்த்து மட்டுமா சிரிப்பாங்க? உங்களை நம்பிப் போன என்னையும்தான்."

அவர் தலையாட்டினார்.

"உள்ள கண்ணைத் திறந்து பார்த்தேன். பாலுக்குள்ள இருக்கிற மாதிரி. எது மேல, எது கீழன்னே தெரியல. மேலன்னு நினைச்சு அடிச்சேன், கை தரையில பட்டுச்சு." அவள் களிம்பை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தாள். "அந்தத் தண்ணியைப் பத்தி ஏன்ணா யாருமே கேட்கறதில்ல?"

ஃபில்டரைப் பற்றிப் பேசிய கூட்டத்தில் அவள் இல்லை. அவர் அங்கே சொன்னது அவளுக்குத் தெரியாது.

*

ஞாயிறு காலை மாஸ்டர் குளத்தோரம் வலையால் இலை வாரிக்கொண்டிருந்தார். வாத்தியாரும் தபால்காரரும் படிக்கட்டில் இருந்தார்கள். மெக்கானிக் நீச்சல் உடையோடு வந்து நின்றார்.

"மாஸ்டர், ஃபில்டர் செத்துப்போச்சு. அன்னிக்கே செத்திருந்துச்சு."

"ஒரு வருஷம் தாங்கும்னீங்களே?"

"பொய் சொன்னேன்."

மாஸ்டர் வலையைக் கீழே வைத்தார். "எதுக்கு?"

"தண்ணி தெளிஞ்சா என் கால் தெரிஞ்சிடும்."

"காலுக்கு என்ன?"

"எனக்கு நீச்சல் தெரியாது மாஸ்டர்."

மாஸ்டர் சிரித்தார். வாத்தியாரும் சிரித்தார். "தினமும் பார்க்கறோமே" என்றார் வாத்தியார். "காலங்காத்தால யாரை ஏமாத்தறீங்க?"

சொன்னால் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தார். சொல்லியும் முடியவில்லை. கண்ணாடிக் கதவு திறந்தது. மனைவி முன்னால் வந்தாள். பின்னால் மைத்துனன், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

"வா, வா" என்றாள் தம்பியிடம். "இங்க நின்னா நல்லாத் தெரியும்."

அவர் இறங்கினார். வழக்கம்போல முகத்தைத் தண்ணீரில் வைத்தார். கைகளை வீசினார். கயிறு வரை போய்த் திரும்பினார். மனைவி கைதட்டினாள். இந்த முறை சத்தம் கேட்டது.

"அடேங்கப்பா, அத்தான்!" என்றான் மைத்துனன். குரலில் கேலி இல்லை.

"பாருங்க" என்றார் மாஸ்டர். "இதுக்குப் பேரு என்ன? நீச்சல் இல்லாம?"

"என் கால் தெரியுதா மாஸ்டர்?"

மாஸ்டர் குனிந்து பார்த்தார். "தெரியல."

"நடந்துதான் போனேன். எப்பவும் நடந்துதான்."

அவர் கயிற்றருகே போய், எல்லோரும் பார்க்க, இரண்டு கைகளையும் தூக்கினார். பிறகு கால்களை மடக்கித் தரையிலிருந்து எடுத்தார்.

உடனே முங்கினார். கண்களைத் திறந்தார். மருந்துக்கடைப் பெண் சொன்னது சரி. எல்லாப் பக்கமும் வெள்ளை. மூக்கில் தண்ணீர் ஏறியது. கைகள் கற்றதையெல்லாம் மறந்து தண்ணீரை அடித்தன. கால் தரையில் பட்டது. எழுந்து நின்று இருமினார். தண்ணீர் மார்பு வரைதான் இருந்தது.

தபால்காரர் பாதி எழுந்து நின்றிருந்தார். மறுபடி உட்கார்ந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மைத்துனன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "சும்மா இரு" என்றாள் மனைவி. பிறகு அவரிடம் கேட்டாள்.

"அப்போ அந்தப் பொண்ணு?"

"கயித்தைப் பிடிச்சிட்டு நின்னேன்."

அவள் தண்ணீரைப் பார்த்தாள். அவரை அல்ல. பிறகு திரும்பிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். மைத்துனன் செருப்பைப் போட்டுக்கொண்டு பின்னால் போனான்.

மாஸ்டர் போய் மோட்டாரை நிறுத்தினார். அதுவரை அதன் சத்தம் இருந்ததே நின்ற பிறகுதான் தெரிந்தது.

அன்று மாலை பால்கனிக் கொடியில் இரண்டு சட்டைகளும் ஒரு போர்வையும் காய்ந்தன. நீச்சல் உடை அங்கே இல்லை. குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அலசி, பிழியாமல் மாட்டியிருந்தாள். தரையில் தண்ணீர் சொட்டியது. தெளிவாக இருந்தது.